பார்கின்சன் நோய்க்கு முதல் மருந்து: லெவோடோபாவா, அகோனிஸ்ட்டா?

பார்கின்சன் நோய் என்று உறுதியானதும் அடுத்து வரும் கேள்வி, எந்த மாத்திரையில் தொடங்குவது என்பதுதான். போட்டி பெரும்பாலும் இரண்டுக்குள் முடிந்துவிடும். ஒன்று லெவோடோபா. இன்னொன்று பிரமிபெக்சோல், ரோபினிரோல், ரோட்டிகோடின் போன்ற டோபமைன் அகோனிஸ்ட் மருந்துகள். டோபமைன் என்பது நரம்பணுக்கள் தகவல் அனுப்பும் வேதிப்பொருள், பார்கின்சனில் குறைவது அதுதான்; அதைப் போல நடிக்கும் மருந்துதான் அகோனிஸ்ட். எம்ஏஓ-பி தடுப்பான்கள் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

இந்தப் பேச்சு எழுந்தாலே யாராவது ஒருவர், "லெவோடோபா கடைசி அஸ்திரம், அதை இப்போதே எடுத்துவிட்டால் பின்னால் என்ன செய்வது?" என்று கேட்பார். நோயாளிகள் மட்டும் சொன்னதில்லை இது. மருத்துவ உலகமே பல ஆண்டுகள் இப்படித்தான் நினைத்திருந்தது. எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. எது பலமான மருந்து, எதை மிச்சம் பிடிப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, இந்த மருந்து மூளையில் எந்த டோபமைன் ஏற்பிகளை, அதாவது நரம்பணுவின் மேல் டோபமைன் வந்து ஒட்டும் எந்த இடங்களை, போய்த் தொடுகிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் ஏற்பிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

டோபமைனுக்கு ஐந்து ஏற்பிகள் இருக்கின்றன, டி1 முதல் டி5 வரை. 1979இல் கெபாபியன், கால்ன் என்ற இரு ஆய்வாளர்கள் வகை பிரித்தபோது டி1, டி2 என்று இரண்டுதான். 1988இல் டி2 ஏற்பியின் மரபணு கைக்கு வந்தது. அப்புறம் மளமளவென்று 1991க்குள் மற்ற நான்கும் வந்துவிட்டன. எண்ணிக்கை கூடினாலும் குடும்பம் பழைய இரண்டேதான். டி1, டி5 இரண்டும் ஒரு குடும்பம்: டோபமைன் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறின் அளவு ஏறும். டி2, டி3, டி4 இன்னொரு குடும்பம்: அங்கே அதே அளவு இறங்கும்.

ஒரே வேதிப்பொருள் ஓரிடத்தில் ஏற்றி, ஓரிடத்தில் இறக்கி என்ன சாதிக்கிறது? பார்கின்சனில் பாதிக்கப்படும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியைப் பார்த்தால் விளங்கும். மூளையின் ஆழத்தில் இருக்கும் இந்தப் பகுதியின் நரம்பணுக்கள் பெரும்பாலும் இரண்டு அணிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ஓர் அணியில் டி1 ஏற்பி நிறைய. அது நேர்வழிப் பாதை, அசைவுக்கு அனுமதி தருவது அதன் வேலை. இன்னோர் அணியில் டி2 நிறைய. அது சுற்றுவழிப் பாதை, வேண்டாத அசைவுகளை அடக்கிவைப்பது அதன் வேலை. டோபமைன் முதல் அணியைத் தூண்டுகிறது, இரண்டாம் அணியை அமர்த்துகிறது. ஆக இரண்டு பக்கமும் சேர்ந்து அசைவை எளிதாக்குகின்றன. டோபமைன் வற்றினால் அனுமதி தருகிற அணி சோர்ந்துபோகிறது, அடக்குகிற அணி ஓங்குகிறது. சட்டைப் பொத்தானைப் போடவே ஐந்து நிமிடம் ஆவதும், கையெழுத்து வரவரச் சிறுத்துப்போவதும், நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் நிற்பதும் இந்த இரட்டை நட்டத்தால்தான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு, மருந்துத் தேர்வுக்கு அதுவே முக்கியம். டி2 ஏற்பிக்குக் கிசுகிசுத்தாலே காது கேட்கும். டி1ஐ உரக்கக் கூப்பிட வேண்டும். அதாவது மூளையில் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும் சொற்ப டோபமைனே டி2வுக்குப் போதும். நரம்பணுக்கள் திடீரென்று சரமாரியாகச் சுட்டு, டோபமைன் ஒரு நொடி எகிறும்போதுதான் டி1 முழுதாக விழிக்கும். பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது.

டி3க்கு டோபமைன் மேல் ஈர்ப்பு டி2வைவிடவும் அதிகம். ஆனால் அது குடியிருக்கும் இடம் வேறு. ஸ்ட்ரையேட்டத்தின் அடிப்பகுதியில், நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற இடத்தைச் சுற்றித்தான் அது அடர்த்தி. ஆசை, எதிர்பார்ப்பு, பரிசு கிடைத்தால் வரும் உந்துதல் எல்லாம் அந்த வட்டாரத்து விவகாரம். நடையோடும் கைவீச்சோடும் அதற்கு நேரடித் தொடர்பு குறைவு. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அகோனிஸ்ட் கதையில் இதுதான் வில்லன்.

டி4 முன்மூளைப் புறணியில் சிறிதளவு இருக்கிறது. கவனக்குறைவுக் கோளாறு பற்றிய மரபணு ஆய்வுகளில் அதன் பெயர் அடிக்கடி அடிபடும். டி5 ஹிப்போகேம்பஸ் பக்கம், நினைவோடு சேர்ந்தது. இந்த முடிவில் இரண்டுக்கும் பெரிய பங்கு இல்லை.

சரி, மருந்துக்கு வருவோம்.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் மூளைக்குள் போகாது, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு விடாது. லெவோடோபா அமினோ அமிலம் என்பதால், மற்ற அமினோ அமிலங்கள் போகும் வாசலிலேயே உள்ளே போய்விடுகிறது. உள்ளே போனபின் டோபமைனாக மாறுகிறது. வழியிலேயே மாறி வீணாகாமலிருக்க கார்பிடோபா அல்லது பென்செராசைடு சேர்த்துத் தருகிறார்கள். அர்விட் கார்ல்சன் 1950களின் இறுதியில், டோபமைனை வற்றவைக்கும் ரெசர்பின் என்ற மருந்து கொடுத்து அசையாமல் கிடந்த முயல்களை இதைக் கொடுத்தே எழுப்பினார். 2000இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். 1961இல் பிர்க்மையரும் ஹார்னிகீவிச்சும் நோயாளிகளுக்கு ஊசிவழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1967இல் கோட்சியாஸ் வாய்வழியாகப் பெரிய அளவுகளில் கொடுத்துப் பலன் காட்டினார். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அசைவுப் பிரச்சினைகளுக்கு இதைவிட வலுவான மாத்திரை வரவில்லை.

ஏன் என்பதற்கு ஏற்பிகள் வழியே ஒரு பதில் உண்டு. லெவோடோபாவிலிருந்து கிடைப்பது அசல் டோபமைன். அது ஐந்து ஏற்பிகளையும் தொடும். டி1 அணி தூண்டப்படுகிறது, டி2 அணி அமர்கிறது, இரண்டு பாதையும் ஒன்றாகச் சீராகின்றன. நோயின் தொடக்க ஆண்டுகளில் மிஞ்சியிருக்கும் நரம்பு முனைகள் அதைச் சேமித்துவைத்து, தேவைக்கேற்ப வெளிவிடுகின்றன. அதனால்தான் இரத்தத்தில் அதன் அரைவாழ்வு, அதாவது அளவு பாதியாகும் நேரம், ஒன்றரை மணி நேரம்தான் என்றாலும் நாளுக்கு மூன்று வேளை மாத்திரையில் நாள் முழுதும் ஓடிவிடுகிறது.

சிக்கல் பின்னால் வரும். சேமிக்கிற முனைகள் குறையக் குறைய, மூளையின் டோபமைன் அளவு இரத்தத்தில் லெவோடோபா ஏறி இறங்குவதோடு சேர்ந்து ஏறி இறங்கத் தொடங்கும். அடுத்த மாத்திரைக்கு முன்னாலேயே உடல் மெல்ல இறுகும். நோயாளிகள் இதை "ஆஃப்" நேரம் என்கிறார்கள். இன்னொரு பக்கம், மாத்திரை உச்சத்தில் இருக்கும்போது தோளும் கழுத்தும் தானாக நெளியும், அதற்குப் பெயர் டிஸ்கைனீசியா. இப்படிக் குபீரென்று வந்து வடியும் டோபமைனால் டி1 நரம்பணுக்கள் மிகையாகக் கூருணர்வு அடைந்துவிடுவது டிஸ்கைனீசியாவுக்கு முக்கியக் காரணம்.

"மிச்சம் வைத்துக்கொள்வோம்" என்ற வாதம் பிறந்தது இங்கேதான். அகோனிஸ்ட் மருந்தில் தொடங்கினால் டிஸ்கைனீசியா தள்ளிப்போகும் என்பது உண்மை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ரோபினிரோல் ஆய்வில் 268 பேரை ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், ரோபினிரோலில் தொடங்கியவர்களில் 20 சதவீதத்தினருக்கும் லெவோடோபாவில் தொடங்கியவர்களில் 45 சதவீதத்தினருக்கும் டிஸ்கைனீசியா வந்திருந்தது. பிரமிபெக்சோலை லெவோடோபாவோடு ஒப்பிட்ட 301 பேர் ஆய்விலும் நான்காண்டு முடிவில் ஏறக்குறைய இதே கதை, 24.5 சதவீதமும் 54 சதவீதமும். எண்களை மட்டும் பார்த்தால் அகோனிஸ்ட் ஜெயித்துவிட்டது போலத் தெரியும்.

ஆனால் அதே பிரமிபெக்சோல் ஆய்வில் அசைவு, அன்றாட வேலை ஆகியவற்றின் மதிப்பெண்ணில் லெவோடோபா எடுத்தவர்கள்தான் மேலே இருந்தார்கள். அகோனிஸ்ட் பக்கம் தூக்கக் கலக்கமும் கால் வீக்கமும் கூடுதல். கணக்கில் வந்த டிஸ்கைனீசியாவும் பெரும்பாலும் லேசானது.

பிறகு வந்த இரண்டு ஆய்வுகள் என் கணக்கில் இந்த விவாதத்தை ஏறக்குறைய முடித்துவைத்தன. 2014இல் வெளியான பிடி மெட் ஆய்வு புதிதாக நோய் கண்டறியப்பட்ட 1,620 பேரைக் கொண்டது. அதில் லெவோடோபாவில் தொடங்கியவர்கள் நடமாட்டத்தில் சிறிய, ஆனால் ஆண்டுக்கணக்கில் நிலைத்த முன்னிலை பெற்றிருந்தார்கள். 2019இல் வந்த லீப் ஆய்வில் 445 பேர். பாதிப் பேருக்கு உடனே லெவோடோபா, மீதிப் பேருக்கு 40 வாரம் வெற்று மாத்திரை கொடுத்துவிட்டுப் பிறகு லெவோடோபா. 80 வாரம் கழித்து இரு பக்கமும் ஒரே நிலையில் இருந்தன. முன்னாலேயே தொடங்கியதால் நோய் வேகம் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. டிஸ்கைனீசியாவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

கானாவில் நடந்த ஓர் ஆய்வும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே மருந்து கிடைக்காத காரணத்தால் பலர் நோய் வந்து பல ஆண்டு கழித்தே லெவோடோபாவைத் தொட்டிருந்தார்கள். இத்தாலிய நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, "ஆஃப்" நேரமும் டிஸ்கைனீசியாவும் வந்த காலம் நோயின் வயதோடு ஒத்துப்போனது. எத்தனை ஆண்டு மாத்திரை எடுத்தார்கள் என்பது அவ்வளவாகத் தீர்மானிக்கவில்லை. தள்ளிப்போட்டவர்களுக்கு மிச்சமானது பெரிதாக ஒன்றுமில்லை. இடைப்பட்ட ஆண்டுகளை இறுகிய உடம்போடு கழித்ததுதான் மிச்சம்.

கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது அளவை. 2004இல் வெளிவந்த எல்டோபா ஆய்வில் நாளுக்கு 600 மில்லிகிராம் எடுத்தவர்களில் 16.5 சதவீதத்தினருக்கு 40 வாரத்திலேயே டிஸ்கைனீசியா எட்டிப்பார்த்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 3.3 சதவீதம். எனவே லெவோடோபாவில் தொடங்குவது என்றால், வேலை ஓடுகிற குறைந்தபட்ச அளவில் தொடங்கி அங்கேயே நிற்பது.

இப்போது அகோனிஸ்ட் மருந்துகள். இவை டோபமைனாக மாறுவதில்லை. டோபமைன் போல வேடமிட்டு நேராக ஏற்பியில் போய் உட்கார்கின்றன. மிஞ்சியிருக்கும் நரம்பணு சேமித்துத் தர வேண்டும் என்ற தேவை இவற்றுக்கு இல்லை. பிரமிபெக்சோலின் அரைவாழ்வு 8 முதல் 12 மணி நேரம், ரோபினிரோலுக்கு ஆறு மணி அளவு, ரோட்டிகோடின் தோலில் ஒட்டும் பேட்ச்சாக 24 மணி நேரமும் கசிகிறது. ஏறி இறங்கும் அலை இல்லை. பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் டி1ஐ ஏறக்குறைய தொடுவதே இல்லை. அலை இல்லாததும் டி1ஐத் தொடாததும்தான் டிஸ்கைனீசியா குறைவதற்குக் காரணம்.

குறையும் அங்கேயே இருக்கிறது. டி2வை மட்டும் பிடித்தால் அடக்குகிற அணி அமர்ந்துவிடும்; ஆனால் அனுமதி தருகிற டி1 அணியைத் தூண்ட ஆள் இல்லை. நோயின் தொடக்கத்தில் உடம்பிலேயே மிஞ்சிய டோபமைன் அந்த வேலையை ஓரளவு பார்த்துக்கொள்கிறது. அதுவும் தேயும்போது அகோனிஸ்ட் தனியாகத் தாக்குப்பிடிக்காது. சில ஆண்டுகளில் பெரும்பாலோருக்கு லெவோடோபா சேர்த்தே ஆக வேண்டியிருக்கிறது.

பெரிய விலை டி3இல் கட்ட வேண்டியிருக்கிறது. பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் டி2வைவிட டி3ஐ அதிகம் விரும்புகிறவை. அசைவுக்காகக் கொடுத்த மருந்து ஆசைகளின் வட்டாரத்தில் நாள் முழுதும் மணியடித்துக்கொண்டே இருந்தால் என்னவாகும்? 2010இல் வெளியான டொமினியன் ஆய்வு 3,090 நோயாளிகளைக் கேட்டறிந்தது. அகோனிஸ்ட் எடுத்தவர்களில் 17.1 சதவீதத்தினரிடம் அடக்க முடியாத உந்துதல் கோளாறு ஏதாவது ஒன்று இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். சூதாட்டம், காரணமில்லாமல் வாங்கிக் குவித்தல், கட்டுமீறிய பாலுறவு நாட்டம், வயிறு நிறைந்தும் நிறுத்தாமல் தின்பது ஆகிய நான்கைத்தான் அதில் கணக்கெடுத்தார்கள்.

அருகிலிருந்து பார்த்தால் இது முதலில் நோயாகவே தெரியாது. வாழ்நாளெல்லாம் பைசா கணக்குப் பார்த்த மனிதர் நள்ளிரவில் போனில் பந்தயம் கட்டிக்கொண்டிருப்பார். ஒரே மாதிரி பொருள் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வரும், பிரிக்கப்படாமலே கிடக்கும். நடை நன்றாகிவிட்டது, முகத்தில் தெளிவு வந்துவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம். மருத்துவரிடம் "மாத்திரை நன்றாகக் கேட்கிறது" என்றே சொல்வார்கள். வங்கிக் கணக்கு காலியான பிறகுதான் விஷயம் வெளியே வரும். நோயாளிக்கு வெட்கம், குடும்பத்துக்குக் கோபம்; மாத்திரைமேல் யாருக்கும் சந்தேகம் வராது. மருந்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்பதுதான் இதில் கொடுமையான பகுதி. யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் போதுமே.

சரி, நிறுத்திவிடலாம் என்றால் அதுவும் சுலபமில்லை. அகோனிஸ்ட் மருந்தைக் குறைக்கும்போது சிலருக்குப் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை, மருந்துக்கான தவிப்பு என்று ஒரு தொகுப்பே வருகிறது. லெவோடோபாவைக் கூட்டினாலும் அது அடங்குவதில்லை. 2010இல்தான் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். உந்துதல் கோளாறு வந்தவர்களுக்குத்தான் இந்த விலகல் பிரச்சினையும் அதிகம் வருகிறது. ஆக, நிறுத்த வேண்டிய அவசியம் யாருக்கு அதிகமோ அவர்களுக்குத்தான் நிறுத்துவது கடினம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திடீர்த் தூக்கம்: 1999இல் வண்டி ஓட்டும்போதே உறங்கிப்போன எட்டு நோயாளிகளைப் பற்றிய அறிக்கை வந்த பிறகுதான் இது கவனத்துக்கு வந்தது. வயதானவர்களுக்கு இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் இறங்குவது. லெவோடோபாவிலும் இவை வரலாம், ஆனால் குறைவு.

அப்படியானால் அகோனிஸ்ட்டை யார்தான் தேர்ந்தெடுப்பது? அறுபது வயதுக்குள் நோய் வந்தவர்கள் ஒரு பிரிவு. இவர்களுக்கு டிஸ்கைனீசியா சீக்கிரமும் கடுமையாகவும் வரும் வாய்ப்பு அதிகம், முன்னால் இருக்கிற ஆண்டுகளும் அதிகம். அமெரிக்க நரம்பியல் கழகம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், முதல் மருந்து லெவோடோபா என்று சொல்லிவிட்டு, இந்த வயதுக்காரர்களில் சிலருக்கு அகோனிஸ்ட் தரலாம் என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். எழுபது தாண்டியவர்கள், நினைவுத் தடுமாற்றம் உள்ளவர்கள், பகலில் ஏற்கெனவே தூங்கி வழிகிறவர்கள், சூதோ போதையோ ஒரு காலத்தில் பழகியவர்கள் ஆகியோருக்கு வேண்டாம். வீட்டில் இதைக் கவனித்துச் சொல்ல ஆள் இல்லாமல் தனியாக வாழ்பவர் என்றால், நாற்பத்தைந்து வயதானாலும் நான் தயங்குவேன்.

கையால் நுணுக்கமான வேலை செய்து பிழைப்பவர், நாளைக்கே வேலைக்குப் போக வேண்டியவர் என்றால் என் ஓட்டு வயது பாராமல் லெவோடோபாவுக்கு. பத்தாண்டு கழித்து வரக்கூடிய நெளிவுக்குப் பயந்து இன்றைய வேலையை இழப்பது சரியான பேரமாக எனக்குத் தோன்றவில்லை.

எம்ஏஓ-பி தடுப்பான்களான செலிஜிலின், ராசஜிலின் ஏற்பிகளைத் தொடுவதே இல்லை. இருக்கிற டோபமைன் சிதையாமல் கொஞ்சம் நீட்டித்துத் தருகின்றன. பலன் மிதமானது, பக்கவிளைவும் பொதுவாக மிதமானது. அறிகுறி லேசாக இருந்து அவசரமில்லாதவர்கள் இதில் தொடங்கலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சில மருந்துகளோடு இவை ஒத்துப்போகாது.

அகோனிஸ்ட்தான் என்று முடிவாகிவிட்டால் எது என்பதை ஈரலும் சிறுநீரகமும் சேர்ந்து சொல்லும். பிரமிபெக்சோல் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, சிறுநீரகம் சோர்ந்தால் இரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்தால், மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும். ரோபினிரோல் ஈரலில் சிதைவது. புகைபிடிப்பதும் சில ஆன்டிபயாடிக்குகளும் அதன் அளவை மாற்றிவிடும். விழுங்கச் சிரமப்படுபவருக்கும், விடியலில் கட்டிலைவிட்டு எழ முடியாதவருக்கும் ரோட்டிகோடின் பேட்ச். அதன் இடைஞ்சல் தோல் அரிப்பு. இடத்தை மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். பெர்கோலைடு போன்ற, எர்காட் என்ற பூஞ்சையின் பொருளிலிருந்து வந்த பழைய அகோனிஸ்ட் வகைகள் இதய வால்வைத் தடிக்கச் செய்ததால் ஓரங்கட்டப்பட்டன, பெர்கோலைடு 2007இல் அமெரிக்கச் சந்தையிலிருந்தே போய்விட்டது.

டி2வை விட்டு டி1ஐப் பிடிக்கலாமே என்று கேட்பீர்கள். பல ஆண்டுகளாக முயன்றார்கள். வாய்வழி உடலில் ஏறாதது, இரத்த அழுத்தத்தைக் கவிழ்ப்பது என்று ஒவ்வொன்றாக விழுந்தன. இப்போது நம்பிக்கை தருவது டவபடான்: டி1, டி5 இரண்டையும் பாதி வேகத்தில் தூண்டும் மாத்திரை, 2024இல் மூன்றாம் கட்டச் சோதனைகளில் நல்ல பலன் காட்டியது. டி3 பக்கம் போகாது என்பதால் அந்தத் தொல்லைகள் குறையலாம் என்பது எதிர்பார்ப்பு. அதற்காக இன்று தேவைப்படும் மருந்தைத் தள்ளிப்போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, எந்தப் பக்கம் போனாலும் முதல் வாரங்களில் குமட்டல் வரலாம். மூளையின் வாந்தி மையத்திலும் டி2 இருக்கிறது, அந்த இடம் தடுப்புக்கு வெளியே இருப்பதால் இரத்தத்தில் உள்ள டோபமைன் நேராகத் தொட்டுவிடுகிறது. டோம்பெரிடோன் என்ற வாந்தி மருந்து மூளைக்குள் அவ்வளவாக நுழையாமல் அந்த இடத்தில் மட்டும் டி2வை மூடும். இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் யோசித்துத் தருவார்கள். மெட்டோகுளோபிரமைடு என்ற இன்னொரு வாந்தி மருந்து உள்ளே நுழைந்து ஸ்ட்ரையேட்டத்தின் டி2வையும் மூடிவிடும், அதாவது பார்கின்சன் அறிகுறிகளை அதுவே கூட்டும். வாந்தி என்று இரவில் அவசரமாக எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஊசி போடுவதற்கு முன் "இவருக்குப் பார்கின்சன், மெட்டோகுளோபிரமைடு வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். மருந்துச்சீட்டின் மேல் மூலையில் அதைச் சிவப்பு மையில் எழுதி வைப்பது இன்னும் நல்லது.